சமூக நீதிச் சட்டமூலங்களைப் பாராளுமன்றத்தில் பின்தொடர்வது: கொழும்புத் தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு பிற்பகல்களில் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் கூடி, புதிதாக வர்த்தமானியில் வந்த சட்டமூலங்களைத் தமிழில் வாய்விட்டு வாசித்துப் பேசும் பழக்கம் எங்களில் சிலருக்குச் சில ஆண்டுகளாக உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், புதுக்கடை நீதிமன்றங்களில் தொழில் பார்க்கும் இளம் சட்டத்தரணிகள் இருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் தொழிற்சங்கக்காரர்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்ட விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சமூக நீதிச் சட்டமூலம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அப்படி ஒரு வகை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. சாதி, பால்நிலை, மொழி, மதம், வறுமை, உடற்குறைபாடு, தொழில் ஆகிய காரணங்களால் பின்தள்ளப்பட்டவர்களின் நிலையை மாற்றும் எந்தச் சட்டமூலத்தையும் நாங்கள் இந்தப் பெயரில் சேர்த்துக்கொள்கிறோம். அந்த நிலையை மோசமாக்கும் சட்டமூலங்களையும் சேர்த்தே பார்க்கிறோம், ஏனென்றால் இந்த நாட்டில் அநீதியும் பெரும்பாலும் சட்டமாகவே வந்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதன் மிச்சங்களைத் துடைக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் தான் வந்தது. ஒரு சட்டம் பறித்ததை வேறொரு சட்டம் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டுகள் சென்றன. சாதியின் பேரால் கடையிலும் உணவகத்திலும் வழிபாட்டிடத்திலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் மறுபக்கத்துக்கு உதாரணம்.

புதிய சட்டமூலம் வந்திருப்பதை முதலில் எங்கே அறியலாம்?

பத்திரிகையில் அல்ல. பத்திரிகை எழுதும்போது பாதி நாட்கள் ஓடிவிட்டிருக்கும்.

முதல் தடயம் வாரந்தோறும் வெளியாகும் அமைச்சரவைத் தீர்மானங்களில் கிடைக்கும். "சட்டமூலத்தைத் தயாரிக்குமாறு சட்டவரைஞருக்கு ஆலோசனை வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது" என்ற வரி கண்ணில் பட்டால், திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, "சட்டமா அதிபரின் அனுமதி கிடைத்துள்ளது, வர்த்தமானியில் பிரசுரித்துப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க அங்கீகாரம்" என்ற இரண்டாவது வரி வரும். இந்த இரண்டு வரிகளுக்கும் இடைப்பட்ட காலமே மக்கள் கருத்துச் சொல்வதற்கு மிக வசதியான காலம். வரைவைக் காட்டும்படி அமைச்சிடம் கேட்கவும் திருத்தத்தை எழுதிக் கொடுக்கவும் அப்போது இடமுண்டு. ஆனால் அந்தக் காலத்தில் பேச்சு மூச்சிராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை.

அதன் பிறகு வர்த்தமானி. சட்டமூலங்கள் வர்த்தமானியின் குறைநிரப்பியாக மூன்று மொழிகளிலும் தனித்தனியே அச்சாகி, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஏறும். தாளில் வேண்டுமென்றால் அரசாங்க வெளியீட்டு அலுவலகத்தில் சில பத்து ரூபாவுக்கு வாங்கலாம். விலையும் தபாற் செலவும் முன்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சிங்களப் பிரதியோ ஆங்கிலப் பிரதியோ தான் கைக்கு வரும்.

சட்டமூலத்தைக் கையில் எடுத்தால் ஒன்றும் விளங்குவதில்லை. எப்படி வாசிப்பது?

முன்னிருந்து பின்னாக வாசிக்காதீர்கள். எங்கள் வழக்கம் இது: முதலில் முன்பக்கத்தில் எந்த அமைச்சரின் கட்டளைப்படி பிரசுரிக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் கடிதம் எழுத வேண்டிய முகவரி அது. திருத்தச் சட்டமூலமாயின், ஒவ்வொரு வாசகமும் (அதாவது சட்டமூலத்தின் இலக்கமிட்ட ஒவ்வொரு பிரிவும்) மூலச் சட்டத்தில் எதை எப்படி மாற்றுகிறது என்று சொல்லும் சட்ட விளைவுக் கூற்று தொடக்கத்தில் இருக்கும்; அதை வாசிப்போம். பின்னர் நேரே கடைசிப் பக்கங்களுக்குச் சென்று, சொற்களுக்குப் பொருள் கூறும் வாசகத்தைப் பிடிப்போம். "தொழிலாளி", "குடும்பம்", "வீடு", "பாதிக்கப்பட்டவர்" என்ற சொற்களுக்கு அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தே யார் உள்ளே, யார் வெளியே என்பது தீர்மானமாகும். எங்கள் வட்டத்துக்கு வரும் வீட்டுப் பணிப்பெண் ஒருவர் எந்தத் தொழிற்சட்டமூலம் வந்தாலும் முதலில் கேட்பது, "அதில என்னைத் தொழிலாளி எண்டு எழுதியிருக்கா?" என்பது தான். சட்டத்தரணிகள் இருவரும் அரை மணி நேரம் பேசியும் எட்டாத இடத்துக்கு அந்தக் கேள்வி எங்களைப் பல தடவை கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அதற்கும் பின்னால், ஏறக்குறைய எல்லாச் சட்டமூலங்களின் முடிவிலும் ஒரு வாசகம் நிற்கும். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏதும் ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்பது அதன் சாரம். எந்த உரை மேலோங்க வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றும் வேளையில் பாராளுமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரை கூறுகிறது. நடைமுறையில் தீர்மானம் எப்போதும் ஒரே பக்கமாகவே விழுந்துவந்திருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும் நிலை இது தான். ஆகவே தமிழ் உரையில் ஒரு வாசகம் ஐயமாகத் தோன்றினால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் இருத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை "செய்தல் வேண்டும்" என்று தமிழில் நாங்கள் வாசித்து மகிழ்ந்த கடமை, சிங்களத்தில் "செய்யலாம்" என்ற அளவிலேயே இருந்தது. அன்றைய தேநீர் கசந்தது.

வர்த்தமானியில் வந்த பிறகு என்னென்ன படிகள், எவ்வளவு காலம்?

வர்த்தமானியில் வெளியாகிக் குறிப்பிட்ட சில நாட்கள் கழிந்த பின்னரே ஒரு சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அலுவல் நிரலில், சேர்க்கலாம். இந்த நாட்கணக்கு அரசியலமைப்புத் திருத்தங்களோடு சேர்ந்து ஆடியிருக்கிறது: 7 நாட்களாக இருந்ததை 2015 இன் 19 ஆவது திருத்தம் 14 ஆக்கியது, 2020 இன் 20 ஆவது திருத்தம் மீண்டும் குறைத்தது. ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளில் முதலாம் மதிப்பீடு நடைபெறும். அது பெயரளவில் தான், விவாதம் கிடையாது. ஆனால் அந்த நாளில் தான் உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கான கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பிரசை எவரும் அந்தக் குறுகிய காலத்துக்குள், சட்டமூலம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று மனுச் செய்யலாம். மனு வந்தால், நீதிமன்றம் தீர்மானிக்கும் வரை, அல்லது அதற்குரிய மூன்று வாரங்கள் கழியும் வரை, பாராளுமன்றம் அச்சட்டமூலத்தைத் தொடக்கூடாது. நீதிமன்றத்தின் தீர்மானம் சனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அனுப்பப்பட்டு, சபாநாயகரால் சபையில் அறிவிக்கப்படும்.

பின்னர் இரண்டாம் மதிப்பீடு, அதாவது கொள்கை பற்றிய விவாதம். அடுத்து வாசகம் வாசகமாகத் திருத்தம் செய்யும் குழுநிலை. முடிவில் மூன்றாம் மதிப்பீடு. பத்திரிகைகள் "வாசிப்பு" என்று எழுதுவதை, பாராளுமன்ற உரைகளின் பதிவேடான ஹன்சாட் "மதிப்பீடு" என்று எழுதுகிறது, இரண்டும் ஒன்றே. இவை மூன்றும் ஒரே நாளில், காலை விவாதம் தொடங்கி மாலை வாக்கெடுப்போடு முடிந்துவிடுவது சாதாரணம். பாராளுமன்றம் வழமையாக மாதத்தில் இரண்டு வாரங்கள், செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடும். சபை அலுவல்களுக்கான குழு எந்த நாளில் எதை எடுப்பது என்று முன்னரே முடிவு செய்வதால், அந்தக் குழுவின் முடிவை அறிவதே நாளைப் பிடிக்கும் வழி.

ஒரு மோசமான சட்டம் நிறைவேறிவிட்டால், பிறகு வழக்குப் போடலாம் தானே?

முடியாது. இந்தியத் தொலைக்காட்சி பார்த்துப் பழகிய எங்களவரில் பலர் இந்த இடத்தில் தான் இடறி விழுகிறார்கள். இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம். இலங்கையில் சபாநாயகர் சான்றுரையில் கையொப்பமிட்ட கணத்திலிருந்து, அச்சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் ஆராய முடியாது என்று 80 ஆம் உறுப்புரையின் 3 ஆம் பந்தி கூறுகிறது. போதாக்குறைக்கு, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று 16 ஆம் உறுப்புரை சொல்கிறது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் அந்தக் குடையின் கீழ் தான் நிற்கின்றன.

ஆகவே மேலே சொன்ன அந்தச் சில நாட்களே நீதிமன்றக் கதவு திறந்திருக்கும் ஒரே காலம். நான் முதன்முதலில் ஆர்வம் கொண்டு பின்தொடர்ந்த சட்டமூலம் ஒன்றைப் பற்றி ஒரு தமிழ் நாளிதழின் உள்பக்கத்தில் வாசித்துவிட்டு, மறுநாள் காலை சட்டத்தரணி ஒருவரின் படியேறினேன். அவர் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேற்றோடு முடிந்துவிட்டது, ஐயா" என்றார். அன்றிலிருந்து வர்த்தமானி வந்த நாளையும் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளையும் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைக்கிறேன்.

உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் என்ன செய்யும்? சட்டமூலத்தைத் தடுத்துவிடுமா?

நேராகத் தடுக்காது, எந்தப் பெரும்பான்மை வேண்டும் என்று சொல்லும். சாதாரண பெரும்பான்மை போதும் என்று சொல்லலாம். மூன்றில் இரண்டு வேண்டும், அதாவது 225 பேரில் 150 பேர் ஆதரிக்க வேண்டும் என்று சொல்லலாம். அதற்கு மேலாகச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று சொல்லலாம். இறுதியாகச் சொன்னது ஏறக்குறைய மரண தண்டனை. இந்த நாட்டில் இதுவரை ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பே நடந்திருக்கிறது, அதுவும் 1982 டிசெம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்காக.

அண்மைக் கால இரண்டு தீர்மானங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். வயதுவந்த ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம், 365அ பிரிவுகளை மாற்றும் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றை அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்தார். அதை எதிர்த்து மனுக்கள் சென்றன. அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரண பெரும்பான்மையோடு நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் தீர்மானித்ததைச் சபாநாயகர் 2023 மே மாதம் அறிவித்தார். அடுத்த ஆண்டு அரசாங்கமே கொண்டுவந்த பால்நிலை சமத்துவச் சட்டமூலம் எதிர்ப்பு மனுக்களுக்கு உள்ளாகி, அது முழுவதுமாகச் சமத்துவத்துக்கான 12 ஆம் உறுப்புரைக்கே முரணானது, மூன்றில் இரண்டும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்ற தீர்மானம் 2024 யூனில் சபையில் அறிவிக்கப்பட்டது. சமத்துவச் சட்டமூலம் சமத்துவத்தை மீறுகிறது என்று கேட்டபோது எங்கள் அறையில் யாரோ சிரித்தார்கள், ஆனால் தீர்மானத்தை உட்கார்ந்து வாசித்தவர்கள் சிரிக்கவில்லை. அதே மாதத்தில், தேசிய பெண்கள் ஆணைக்குழுவை அமைக்கும் பெண்களை வலுவூட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எதை உரிமையாக எழுதுகிறார்கள், எதை நிறுவனமாக எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து நீதிமன்றத்தின் முன் ஒரு சட்டமூலத்தின் கதி மாறுவதை 2024 இன் இந்த இரண்டு சட்டமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காணலாம்.

இன்னொரு விடயம்: மனுச் செய்வது எதிர்ப்பவர்களுக்கு மட்டும் உரிய ஆயுதமல்ல. ஆதரிப்பவர்கள் இடையீட்டு மனுவோடு வந்து, சட்டமூலத்தைக் காக்கலாம். 2023 இல் அப்படிப் பலர் வந்தார்கள்.

குழுநிலையில் அப்படி என்ன நடந்துவிடும்? அது வெறும் சம்பிரதாயம் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களுக்கு 2017 செப்டெம்பர் 20 ஆம் திகதியைச் சொல்லுங்கள்.

மாகாண சபைத் தேர்தலில் கட்சிகள் சமர்ப்பிக்கும் வேட்புமனுக்களில் 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சிறிய சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. சில பக்கங்கள் தான். பெண்கள் அமைப்புகள் வரவேற்றன, நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டுபோக யாருக்கும் பெரிய காரணம் இருக்கவில்லை, மனுச் செய்யும் காலமும் கழிந்தது. இரண்டாம் மதிப்பீட்டு விவாதம் முடிந்து குழுநிலைக்கு வந்தபோது, சட்டமூலத்தை விடப் பல மடங்கு நீளமான திருத்தங்கள் மேசைக்கு வந்தன. மாகாண சபைத் தேர்தல் முறையையே விகிதாசாரத்திலிருந்து, தொகுதிவாரித் தெரிவும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுவது அவற்றின் உள்ளடக்கம். அன்று மாலையே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறி, 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. பொதுமக்கள் அத்திருத்தங்களை வர்த்தமானியில் கண்டதில்லை. நீதிமன்றத்தில் அவை ஆராயப்பட்டதும் இல்லை. சான்றுரை இடப்பட்ட பின் ஆராயவும் வழியில்லை.

புதிய முறைக்குத் தொகுதி எல்லைகளை வரைய வேண்டியிருந்தது. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக் கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. மாகாண சபைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, ஆளுநர்களின் கைக்குப் போயின. பெண்களுக்கு இடம் கொடுக்க வந்த சட்டமூலம் எவருக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 சனவரி 24 ஆம் திகதி 108 க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது வேறு விதமான சிக்கல் எழுந்தது: உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் யாவும் குழுநிலையில் சரியாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி குற்றஞ்சாட்டியது. எனவே குழுநிலை நாளில் ஒருவர் நேரடி ஒளிபரப்பைப் பார்த்தபடி, நீதிமன்றத் தீர்மானத்தை ஒரு கையிலும் சட்டமூலத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு வாசகம் வாசகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலை தான்; இரண்டு பேர் மாறி மாறிச் செய்தால் தாங்கும்.

தனி உறுப்பினர் சட்டமூலங்களைப் பின்தொடர்வதில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் சட்டமாகும் என்று எதிர்பார்த்து அல்ல. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்டமூலம் சம்பந்தப்பட்ட அமைச்சரின் அறிக்கைக்காகச் செல்லும். அங்கேயே பல உறங்கிப்போகும். மேலே சொன்ன தொலவத்தவின் சட்டமூலத்துக்கு நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியும் அது வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஆயினும் அந்தத் தீர்மானம் எழுத்தில் இருக்கிறது. அடுத்து வருபவர் அதைச் சுட்டிக்காட்டலாம்.

பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் சட்டமூலம் என்னாகும்?

கலைக்கப்பட்டால் நிலுவையிலுள்ள எல்லாம் இறந்துபோகும். 2024 செப்டெம்பர் 24 ஆம் திகதி கலைப்பு வர்த்தமானி வந்தபோது அப்படித் தான் ஆயிற்று. புதிய பாராளுமன்றத்தில் மீண்டும் வர்த்தமானி, மீண்டும் முதலாம் மதிப்பீடு என்று தொடங்க வேண்டும். கூட்டத்தொடரை முடிவுறுத்துவது வேறு. அப்போது முடிவுறாத அலுவல்களை அடுத்த கூட்டத்தொடரில் தொடரலாம். "பாராளுமன்றம் ஒத்திவைப்பு" என்று மட்டும் தலைப்பைக் கண்டு பதறாதீர்கள், இரண்டில் எது என்று பாருங்கள்.

சில சட்டங்கள் தசாப்தக் கணக்கில் "வருகிறது, வருகிறது" என்கிறார்கள். அவற்றை எப்படித் துரத்துவது?

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் திருத்தம் இதற்குப் பாடநூல் உதாரணம். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது 2009 இல். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 சனவரியில். குழுவே இரண்டாகப் பிரிந்து இரு விதமாகப் பரிந்துரைத்திருந்தது. அதற்குப் பிறகும் அமைச்சரவைத் தீர்மானங்கள், புதிய குழுக்கள், மீண்டும் வரைவுகள். திருமணத்துக்கான ஆகக் குறைந்த வயதை ஏனையோருக்கு 18 ஆக உயர்த்தியது 1995 இல் என்பதை நினைத்தால், காத்திருக்கும் முஸ்லிம் பெண்களின் பொறுமையின் அளவு விளங்கும். சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அதைக் காரணங்காட்டி எந்த அரசாங்கமும் சட்டமூலத்தை அச்சேற்றாமல் தள்ளிப்போடலாம் என்பதும் அதே அளவு உண்மை.

இப்படிப்பட்டவற்றுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் தான் துணை. சம்பந்தப்பட்ட அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். "சட்டமூலம் எந்த நிலையில் உள்ளது?" என்று பொதுவாகக் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரி வரும். அப்படிக் கேட்காமல், "அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்த திகதி, சட்டவரைஞருக்கு அனுப்பிய திகதி, அவரிடமிருந்து திரும்பிய திகதி, சட்டமா அதிபருக்கு அனுப்பிய திகதி" என்று திகதிகளாகக் கேளுங்கள். திகதிக்குப் பதில் திகதியாகத் தான் வர முடியும், எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்பது தானாக வெளிப்படும்.

தோட்டத் தொழிலாளர் சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஏன் சட்டமூலங்களில் தேடுவதில்லை?

அது அங்கே இல்லாததால். சம்பள நிர்ணய சபைகள் 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றின் முடிவு வர்த்தமானி அறிவித்தலாக வரும், பாராளுமன்ற வாக்கெடுப்புக்கு வராது. 2021 இல் நாளொன்றுக்கு 1,000 ரூபா ஆனது அப்படித் தான். 2024 இல் 1,700 ரூபா என்ற அறிவித்தல் வந்து, கம்பனிகள் நீதிமன்றம் சென்று, செப்டெம்பரில் 1,350 ரூபா என்று முடிந்ததும் அப்படித் தான். 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ரூபாவாக்கி, அரசாங்கம் வருகைக்காக 200 ரூபா சேர்க்கும் என்ற யோசனை வந்தது. அதைத் தேட வேண்டிய இடம் வரவு செலவுத் திட்ட உரையும் அமைச்சுக்கான குழுநிலை விவாதமும்.

இதோடு தேசிய ஆகக் குறைந்த வேதனத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தில் 10,000 ரூபாவாகத் தொடங்கி, திருத்தச் சட்டமூலங்கள் மூலம் உயர்ந்து, 2026 சனவரி முதல் மாதம் 30,000 ரூபா. சட்டத்திலேயே தொகை எழுதப்பட்டிருப்பதால் ஒவ்வொரு உயர்வுக்கும் பாராளுமன்றம் வர வேண்டும். அது நல்லதா கெட்டதா என்று எங்கள் தொழிற்சங்கக்காரர்கள் இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள்.

மாகாண சபைகள் சட்டம் இயற்றலாம் தானே? அங்கே பார்க்க வேண்டாமா?

13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைகள் தமக்குரிய நிரலிலுள்ள விடயங்களில் நியதிச்சட்டம் இயற்றலாம். ஆளுநரின் சம்மதம் தேவை. அந்த நிரலில் கைவைக்கும் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் எடுக்குமுன் எல்லா மாகாண சபைகளினதும் கருத்துக்கு அனுப்ப வேண்டும். வறுமை ஒழிப்புக்கான "வாழ்வின் எழுச்சி" சட்டமூலத்தை 2012 இல் அனுப்பாமல் கொண்டுவந்தபோது, அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014 இல், ஊவாவில். தெரிவான உறுப்பினர் இல்லாத சபையில் பின்தொடர ஒன்றுமில்லை.

நேரில் போய்ப் பார்க்கலாமா? ஹன்சாட் தமிழில் கிடைக்குமா?

போகலாம். பொதுமக்கள் கலரிக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்; உறுப்பினர் ஒருவர் மூலம் கேட்பது இலகு. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை செல்லும் 177 பேருந்தில் ஏறி பொல்துவ சந்தியருகில் இறங்கலாம். கைத்தொலைபேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டியிருப்பதால், குறிப்பெடுக்க நினைப்பவர்கள் வீட்டிலிருந்து ஒளிபரப்பைப் பார்ப்பதே மேல். ஒருமுறை போய்வந்தால் ஒன்று புரியும்: தொலைக்காட்சி பேசுபவரைக் காட்டும், வெறும் ஆசனங்களைக் காட்டாது. சபை நடத்த 20 பேர் இருந்தால் போதும்.

ஹன்சாட் மூன்று மொழிகளில் தனித்தனியே வருவதில்லை. யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே, ஒரே தொகுதியில் அச்சாகும். தமிழ் உறுப்பினரின் உரை தமிழில் இருக்கும். அவருக்கு அமைச்சர் சொன்ன பதில் அடுத்த வரியில் சிங்களத்தில் இருக்கும். எங்கள் வட்டத்தில் சிங்களம் வாசிக்கும் இருவர் இல்லாதிருந்தால் பாதிக் கதை தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டம் நிறைவேறிவிட்டது. இனி என்ன பார்க்க வேண்டும்?

மூன்று விடயங்கள். சபாநாயகர் கையொப்பமிட்ட திகதி, நடைமுறைக்கு வரும் திகதி, ஏனென்றால் "அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் குறித்தொதுக்கும் திகதி" என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டளை வராமலே இருக்கலாம், இறுதியாக, ஒழுங்குவிதிகள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது 1996 இல். பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் செல்வதற்கான வசதிகளைப் பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தது 2006 இல். பத்து ஆண்டுகள் சட்டம் இருந்தது, சாய்தளத்தின் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் தாள் இருக்கவில்லை. இருந்த கட்டடங்களுக்கு மேலும் மூன்று ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது. இன்று கொழும்பில் ஒரு காரியாலயத்துக்குச் சக்கர நாற்காலியில் வரும் எங்கள் நண்பர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட சாய்தளத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லும்போது காவலாளியிடம் காட்டுவதற்காக அந்த 2006 ஆம் ஆண்டு வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை அவர் பையிலேயே மடித்து வைத்திருக்கிறார்.